நைஜீரியாவின் உரச் சந்தை: கடலோர ஆலையும் வடக்கு வயலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மார்ச் 22 அன்று, லேகோஸ் நகருக்குக் கிழக்கே இபெஜு-லெக்கியில் டாங்கோட்டே உர ஆலையை அப்போதைய அதிபர் முகம்மது புஹாரி திறந்துவைத்தார். முதலீடு 250 கோடி டாலர். ஆண்டுக்கு 30 லட்சம் டன் யூரியா தயாரிக்கும் கொள்ளளவு. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2020-ல் சராசரியாக டன்னுக்கு 229 டாலராக இருந்த யூரியா, அந்த மார்ச்சில் 870 டாலரைத் தாண்டியிருந்தது. புதிதாக ஓடத் தொடங்கும் ஓர் ஆலைக்கு இதைவிட நல்ல வேளை அமைவது கடினம்.

அதே நாட்டில் ஒரு ஹெக்டேர் சாகுபடி நிலத்துக்குப் போய்ச் சேரும் உரச்சத்து சுமார் 20 கிலோ அளவில்தான் இருக்கிறது. உலகச் சராசரி 130 கிலோவுக்கு மேல். 2006-ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியத் தலைநகர் அபுஜாவிலேயே கூடி, 2015-க்குள் ஹெக்டேருக்கு 50 கிலோவை எட்டுவோம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வெளியான நாடே அந்த இலக்கில் பாதியை எட்டவில்லை.

உலகுக்கே யூரியா அனுப்பும் நாட்டில் விவசாயி ஏன் உரம் போடாமல் இருக்கிறார்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நைஜீரிய உரத்துறையில் பணம் போடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே இருப்பவை இரண்டு சந்தைகள். ஒன்று கடலோரத்தில் டாலரில் நடக்கிறது, மற்றொன்று வடக்கே நைஜீரிய நாணயமான நைராவில் நடக்கிறது. இரண்டிலும் ஒரே மூட்டைதான் கைமாறுகிறது என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள்.

ஆலைகள் வந்த வழி

உரத் தொழில் நைஜீரியாவுக்குப் புதிதல்ல. 1970-களிலேயே கடுனாவில் அரசின் சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்தது. 1980-களில் போர்ட் ஹார்கோர்ட் அருகே ஒன்னேயில் நாஃப்கான் என்ற தேசிய உர நிறுவனம் யூரியா தயாரிக்க ஆரம்பித்தது. அரசு நிறுவனங்களுக்கு வரும் வழக்கமான நோய்கள் அதற்கும் வந்தன. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கவில்லை, உதிரிபாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை, எரிவாயு ஒழுங்காக வரவில்லை. 1990-களின் இறுதியில் ஆலை நின்றுபோனது. 2005-ல் தனியார் கைக்குப் போய், பின்னர் நோட்டோர் என்ற பெயரில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன் யூரியா கொள்ளளவு ஆண்டுக்கு சுமார் 5 லட்சம் டன்.

நிலைமையை மாற்றியது இந்தோராமா. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் குழுமம் 2006-ல் எலெமே பெட்ரோகெமிக்கல் வளாகத்தை வாங்கியது. அங்கேயே 2016-ல் 14 லட்சம் டன் கொள்ளளவுள்ள முதல் யூரியா உற்பத்தி வரிசை ஓடியது. 2021-ல் அதே அளவில் இரண்டாவது. உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறைக்கு நிதி தரும் ஐ.எஃப்.சி. முன்னின்று இரண்டுக்கும் கடன் திரட்டிக் கொடுத்தது. மூன்றாவது வரிசைக்கு 2024-ல் 125 கோடி டாலர் நிதித் தொகுப்பை அறிவித்தது. ஒரே இடத்தில் மூன்றாவது முறையாகக் கடன் கொடுக்கிறார்கள் என்றால், முதல் இரண்டின் கணக்கு அவர்களுக்கு நிறைவாக இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நோட்டோர், இந்தோராமா, டாங்கோட்டே மூன்றையும் கூட்டினால் கொள்ளளவு 60 லட்சம் டன்னைத் தாண்டுகிறது. உள்நாட்டில் வயலுக்குப் போவது இதில் சிறு பங்கு. மீதியின் பெரும்பகுதி கப்பலேறுகிறது, குறிப்பாக பிரேசிலுக்கு.

எரிவாயுவும் ஓட்டமும்

யூரியா என்பது மூட்டை கட்டிய இயற்கை எரிவாயு என்றே சொல்லலாம். எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன், அதோடு காற்றிலுள்ள நைட்ரஜன் சேர்ந்து அம்மோனியா, அம்மோனியாவோடு கரியமில வாயு சேர்ந்து யூரியா. ஒரு டன் யூரியாவுக்கு ஏறத்தாழ 25 எம்.எம்.பி.டி.யூ. (எரிவாயுவை அளக்கும் வெப்ப அலகு) எரிவாயு செலவாகும். ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய எரிவாயு இருப்பு நைஜீரியாவில் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளில் பல பத்தாண்டுகளாக அதை வீணாக எரித்துக்கொண்டிருந்தார்கள்.

எரிவாயு விலைதான் இந்தத் தொழிலின் அடித்தளம். மின் நிலையங்களுக்கான உள்நாட்டு அடிப்படை விலையை அரசு 2024-ல் ஓர் எம்.எம்.பி.டி.யூ.வுக்கு 2.42 டாலர் என்று வைத்தது. 2021-ன் பெட்ரோலியத் தொழில் சட்டம், எரிவாயுவையே மூலப்பொருளாகக் கொள்ளும் உர ஆலை போன்றவற்றுக்குத் தனி வழிமுறை வைத்திருக்கிறது. தயாராகும் பொருளின் சர்வதேச விலையோடு எரிவாயு விலையும் ஏறி இறங்கும். ஒரு முதலீட்டாளருக்கு இது பெரிய பாதுகாப்பு. யூரியா விலை விழும்போது மூலப்பொருள் செலவும் கூடவே இறங்கும்.

கணக்குக்காக 2.42 டாலரையே எடுத்துக்கொண்டால், ஒரு டன் யூரியாவின் எரிவாயுச் செலவு சுமார் 60 டாலர். 2022 ஆகஸ்டில் ஐரோப்பிய எரிவாயு விலையின் மாதச் சராசரி அதே அலகுக்கு 70 டாலரைத் தொட்டது. அந்த விலையில் அங்கே ஒரு டன்னுக்கு எரிவாயு மட்டும் 1,700 டாலருக்கு மேல். ஐரோப்பாவில் அம்மோனியா ஆலைகள் வரிசையாக உற்பத்தியைக் குறைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் எரிவாயு மலிவு என்பதோடு கணக்கை நிறுத்திவிடக்கூடாது. பல முதலீட்டு அறிக்கைகள் மெல்லக் கடந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. 250 கோடி டாலரை 30 லட்சம் டன்னால் வகுத்தால், ஆண்டுக்கு ஒரு டன் தயாரிக்கும் திறனுக்கு 833 டாலர் முதலீடு. 10 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்தால், ஆலை முழு அளவில் ஓடும்போது டன்னுக்கு ஏறத்தாழ 98 டாலர் மூலதனச் செலவு. எரிவாயுவைச் சேர்த்தால் 158. ஆள், மின்சாரம், பராமரிப்பு, கப்பல் ஏற்றும் செலவு எல்லாம் அதற்கு மேல். 2020-ன் 229 டாலர் விலையிலும் தாக்குப்பிடிக்கலாம். 2024-ன் சராசரியான 338 டாலரில் நல்ல லாபம்.

அதே ஆலை 60 சதவீதம் மட்டும் ஓடினால்? மூலதனச் செலவு டன்னுக்கு 163 டாலராக ஏறுகிறது. எரிவாயுவோடு 223. 2020 விலையில் கையில் நிற்பது ஆறு டாலர், அதிலிருந்துதான் சம்பளமும் உதிரிபாகமும். ஆக, ஆலையின் லாபத்தைத் தீர்மானிப்பதில் எரிவாயு என்ன விலைக்கு வருகிறது என்பதற்குச் சமமான இடம், அது தினமும் வருகிறதா என்பதற்கும் உண்டு. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நைஜர் டெல்டாவில் குழாய்கள் சேதப்படுத்தப்படுவது நெடுங்காலப் பிரச்சினை. 2016-ல் எஸ்க்ராவோஸ், ஃபோர்காடோஸ் பகுதிகளில் நடந்த தாக்குதல்களில் எண்ணெயோடு எரிவாயு ஓட்டமும் அடிபட்டது. டாங்கோட்டே ஆலை அந்தத் திசையிலிருந்து லேகோஸ் வரை வரும் குழாயை நம்பியிருக்கிறது. அந்தப் பக்கம் வாழும் மக்களுக்கு வேலையும் குடிநீரும் கிடைக்கிறதா என்பது இந்த ஆலையின் வரவு செலவில் நேராகவே வந்து நிற்கும் விஷயம். அதைச் சமூகப் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தில் ஒதுக்கிவைப்பது தவறு.

கடலோரச் சந்தையின் இன்னொரு பலம் நாணயம். விற்பனை டாலரில், கடன் டாலரில். 2023 ஜூனில் நைராவின் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டபோது ஒரு டாலர் சுமார் 460 நைரா. 2024 இறுதியில் 1,500-ஐத் தாண்டிவிட்டது. இறக்குமதியை நம்பிய எத்தனையோ நைஜீரிய நிறுவனங்கள் இதில் நசுங்கின. யூரியா ஏற்றுமதி ஆலையோ டாலரில் சம்பாதித்து, உள்ளூர்ச் சம்பளத்தை நைராவில் கொடுக்கும் இடத்தில் இருந்தது.

மூட்டை வடக்கே போகும்போது

யூரியா பிறப்பது தெற்கே, கடற்கரையில். மக்காச்சோளமும் சோளமும் நெல்லும் பெருமளவில் விளைவது கானோ, கடுனா, காட்சினா போன்ற வடக்கு மாநிலங்களில். லேகோஸிலிருந்து கானோ சாலை வழியாக சுமார் 1,000 கிலோமீட்டர். மூட்டை லாரியில்தான் போகிறது. டீசல் விலை, உடைந்த சாலை, வழிநெடுகச் சோதனைச் சாவடிகள், சில பகுதிகளில் ஆள்கடத்தல் பயம். ஒவ்வொன்றும் மூட்டை விலையில் ஏறும். கப்பலில் மொத்தமாக அட்லாண்டிக்கைக் கடப்பதற்கும், லாரி லாரியாக வடக்கே ஏற்றுவதற்கும் இடையே ஆலை தேர்வு செய்யும்போது, கப்பல் எளிதாக ஜெயிக்கிறது. ஆலைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அப்புறம் பருவம். வடக்கில் மழை மே, ஜூனில் பிடிக்கிறது. உரம் விற்பது அடுத்த சில மாதங்கள்தான். நேரத்துக்குச் சரக்கு இருக்க வேண்டுமென்றால் வியாபாரி முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைக்க வேண்டும். 2024 நவம்பரில் மத்திய வங்கியின் கொள்கை வட்டி 27.5 சதவீதம். வங்கிக் கடன் அதற்கும் மேல். 30 சதவீத வட்டியில் வாங்கி ஆறு மாதம் கிடங்கில் வைத்தால், மூட்டையின் விலையில் 15 சதவீதம் வட்டிக்கே போய்விடும். சின்ன ஊர்க் கடைக்காரருக்கு அந்தக் கடனும் கிடைப்பதில்லை. ஆகவே மழை விழுந்த பிறகே பணம் புரட்டிச் சரக்கு எடுக்கிறார். விதைப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து அடியுரம் வந்து என்ன பயன்?

வடகிழக்கில் இன்னொரு சிக்கல். போகோ ஹராம் குழுவினர் வெடிகுண்டு தயாரிக்க யூரியாவைப் பயன்படுத்தியதால் போர்னோ, யோபே, அடமாவா மாநிலங்களில் அதன் விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு. எந்த வியாபாரி யாருக்கு விற்கிறார் என்பது பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சான்றுக்குள் வந்துவிட்டது. போரில் எல்லாம் இழந்து நிலத்துக்குத் திரும்பிய குடும்பங்களுக்கே மலிவான தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்காமல் போவது மனதை உறுத்துகிறது.

விலையும் போக்குவரத்தும் சரியாகிவிட்டால் விவசாயி வாங்கிவிடுவாரா? இங்கேதான் மண் பேச ஆரம்பிக்கிறது. வடக்கு சவானா நிலங்களில் கரிமச்சத்து குறைவு, பல இடங்களில் அமிலத்தன்மை, பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஸ்ட்ரைகா களை வேறு. நைஜீரிய மக்காச்சோள வயல்களை ஆராய்ந்தவர்கள் ஒரு கிலோ தழைச்சத்துக்கு 8 கிலோ அளவில்தான் கூடுதல் தானியம் கிடைப்பதைக் கண்டிருக்கிறார்கள். நல்ல மண்ணில், நல்ல விதையோடு, வேளைக்குப் போட்டால் இது இரட்டிப்பாகலாம்.

50 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 23 கிலோ. கிலோவுக்கு 8 என்றால் 184 கிலோ மக்காச்சோளம்; 15 என்றால் 345. மூட்டை விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய வங்கி வேளாண் அமைச்சகத்துக்கு 21.5 லட்சம் மூட்டை உரம் கொடுத்து, அதன் மதிப்பை 10,000 கோடி நைரா என்றது. மூட்டைக்கு சுமார் 46,500 நைரா. அந்த விலையில் யூரியா வாங்குபவர், போட்ட பணம் திரும்ப வரவே மோசமான நிலத்தில் மக்காச்சோளத்தைக் கிலோ 253 நைராவுக்கு விற்க வேண்டும். நல்ல நிலத்தில் 135 போதும். மழை பொய்க்கும் அபாயத்தைச் சுமக்கும் விவசாயி, வரவு செலவைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் துணிவார் என்பது வேளாண் பொருளியலில் வழக்கமாகக் கொள்ளும் அளவு. அப்படிப் பார்த்தால் 506-ம் 270-ம். 2024-ல் உச்சிக்குப் போன மக்காச்சோள விலை 2025-ல் நன்றாகச் சரிந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் மோசமான நிலத்துக்காரர் உரத்தைக் குறைத்துக்கொள்வது அறியாமையால் அல்ல. அவர் கணக்கு அவருக்குச் சரியாகவே தெரியும்.

அரசின் கை

பல ஆண்டுகளாக அரசே டெண்டர் விட்டு உரம் வாங்கி மானிய விலையில் விநியோகித்தது. மூட்டைகள் செல்வாக்குள்ளவர்களிடமும் எல்லைக்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தன. 2011-ல் வேளாண் அமைச்சரான அகின்வுமி அடெசினா இதை உடைத்தார். 2012 முதல் விவசாயியின் கைபேசிக்கே மின்னணுச் சீட்டு வந்தது. இரண்டு மூட்டைக்குப் பாதி மானியம், வாங்குவது தனியார் கடையில். கிராமத்துக் கடைகள் உயிர்பெற்றன. நல்ல திட்டம், ஆனால் அரசு தர வேண்டிய மானியப் பங்கு நிலுவையில் தேங்கியது. சரக்கு கொடுத்த வியாபாரிகள் மாட்டிக்கொண்டார்கள். இந்த நினைவு இன்னும் அங்கே இருக்கிறது. அரசு பணம் தரும் என்பதை நம்பி யாரும் இன்று கடன் சரக்கு இறக்குவதில்லை.

அடுத்து 2016 டிசம்பரில் மொராக்கோவின் பாஸ்பேட் நிறுவனமான ஓ.சி.பி.யோடு ஒப்பந்தம், 2017-ல் அதிபரின் உரத் திட்டம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் 20:10:10 சதவீதத்தில் உள்ள என்.பி.கே. கலப்பு உரத்தை உள்நாட்டிலேயே கலந்து, 50 கிலோ மூட்டை 5,500 நைரா. மொராக்கோவிலிருந்து மணிச்சத்து தரும் டி.ஏ.பி., ஐரோப்பாவிலிருந்து சாம்பல்சத்து தரும் பொட்டாஷ், உள்நாட்டு யூரியா, உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல் குருணை. நாட்டின் இறையாண்மை முதலீட்டு ஆணையம் நடத்தியது. பூட்டிக்கிடந்த கலவை ஆலைகள் திறந்தன, புதியவை பல டஜன் முளைத்தன. பின்னர் ஆணையம் மூலப்பொருள் இறக்குமதியோடு நிறுத்திக்கொள்ள, மீதி வியாபாரம் ஆலைகளின் பொறுப்பானது.

அந்தக் கலவையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு டன் 20:10:10-க்கு டி.ஏ.பி. 217 கிலோ, பொட்டாஷ் 167 கிலோ, யூரியா 350 கிலோ. மீதி சுமார் 266 கிலோ சுண்ணாம்புக்கல் நிரப்பி. அதாவது, லாரி வாடகை கொடுத்து ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுபோகும் மூட்டையில் கால் பங்கு கல். கலவை ஆலை கடுனாவிலோ கானோவிலோ இருந்து, நிரப்பியை அங்கேயே எடுத்தால் அந்த வாடகை மிச்சம். வடக்கில் கலவை ஆலைகள் இருக்க வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

5,500 நைராவும் 46,500 நைராவும் ஏழு ஆண்டு இடைவெளியில் நிற்கின்றன. நைராவில் எட்டு மடங்கு. அந்தந்தக் காலத்து அதிகாரபூர்வ மாற்று விகிதத்தில் டாலராக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். மீதி முழுக்க நைராவின் சரிவு. விவசாயி டாலரில் சம்பாதிப்பதில்லை.

பணம் எங்கே போடலாம்

புதிதாக ஒரு பெரிய யூரியா ஆலைக்கு நான் பச்சைக்கொடி காட்ட மாட்டேன், எரிவாயு ஒப்பந்தமும் துறைமுகமும் ஏற்கெனவே கையில் இருப்பவர்களைத் தவிர. இந்தோராமாவின் மூன்றாவது வரிசை அந்த விதிவிலக்குக்குள் வருகிறது: நிலம், குழாய், ஒன்னே துறைமுக முனையம், பழகிய ஆட்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குபவர் இவை அத்தனையையும் தானே கட்டிக்கொண்டு, 300 டாலரைச் சுற்றி இருக்கக்கூடிய விலையில் போட்டியிட வேண்டும். ஐரோப்பாவை நோக்குபவர் 2026 முதல் அங்கே உரத்துக்கும் நடைமுறைக்கு வந்த கரிம எல்லை வரியையும் (இறக்குமதிப் பொருளின் தயாரிப்பில் வெளியான கரியமில வாயுவுக்கான வரி) கணக்கில் சேர்க்க வேண்டும்.

மணிச்சத்திலும் சாம்பல்சத்திலும் நிலைமை வேறு. சோகோட்டோவில் பாஸ்பேட் பாறை இருக்கிறது, பெரிய அளவில் எடுக்கப்படவில்லை. பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. ஆகவே கலவை ஆலை வைப்பவர் டாலரில் வாங்கி நைராவில் விற்கிறார். இந்த இடைவெளிதான் கலவைத் தொழிலின் உண்மையான ஆபத்து. இயந்திரத்தின் விலையோ போட்டியோ இரண்டாம் பட்சம். கையிருப்பு மூலப்பொருளைப் பருவத்துக்குள் விற்று முடிக்கும் ஒழுங்கு இல்லாதவர் ஒரே நாணயச் சரிவில் மூலதனத்தைத் தொலைப்பார். ஓ.சி.பி. கடுனாவில் கலவை ஆலை வைத்தது புத்திசாலித்தனம், பாஸ்பேட் அதன் சொந்தச் சரக்கு.

என் பார்வையில் தேவையும் வருவாயும் ஒன்றாகச் சேரும் இடம் நடுவில் இருக்கிறது. வடக்கில் பருவத்துக்கு முன் சரக்கு வைக்கும் கிடங்குகள், அந்தக் கிடங்கு ரசீதின் பேரில் கடைக்காரருக்குக் கடன், மண் பரிசோதனைக்கு ஏற்ற கலவை. 20:10:10 எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. அமில மண்ணுக்கு முதலில் சுண்ணாம்பு வேண்டும், துத்தநாகமும் கந்தகமும் குறைந்த நிலத்துக்கு அவை வேண்டும். ஒரு கிலோ தழைச்சத்துக்கு 8 கிலோ தானியம் என்பதை 12 ஆக்கினால், எந்த மானியமும் இல்லாமலே விவசாயியின் கணக்கு மாறிவிடும். 23 கிலோவுக்கு 276 கிலோ மக்காச்சோளம், முதல் திரும்பும் விலை 253 நைராவிலிருந்து 168-க்கு இறங்கும். இதைச் செய்ய நூறு கோடி டாலர் வேண்டாம். ஆனால் பொறுமையான முதலும், ஊர் ஊராகப் போய் நிற்கும் ஆட்களும் வேண்டும். பெரிய நிதி நிறுவனங்கள் இந்தச் சிறிய தொகைகளுக்கு நேரம் ஒதுக்காமல் இருப்பது வருத்தம் தருகிறது.

தரம் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் யூரியா பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கலப்பு உரங்களில்தான் சத்துக் குறைவும் எடைக் குறைவும் அதிகம். 2019-ல் நைஜீரியா உரத் தரக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது, தயாரிப்பவரும் விற்பவரும் பதிவு செய்ய வேண்டும். சட்டத்தை எந்த அளவுக்கு அமல்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நேர்மையான கலவை ஆலை பிழைக்கும். கல்லைக் கூட்டி விலையைக் குறைப்பவரோடு நேர்மையானவர் விலையில் போட்டியிட முடியாது.

இந்த ஆய்வின் முடிவுகளை அப்படியே இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்பதற்கு நல்ல சோதனை எத்தியோப்பியாவில் வரப்போகிறது. 2025 ஆகஸ்டில் டாங்கோட்டே குழுமமும் எத்தியோப்பிய அரசின் முதலீட்டு நிறுவனமும் சோமாலி மாகாணத்தின் கோடே நகரில் 250 கோடி டாலரில், லெக்கிக்கு இணையாக 30 லட்சம் டன் யூரியா ஆலை கட்ட ஒப்பந்தம் செய்தன. டாங்கோட்டேவுக்கு 60 சதவீதம், அரசுக்கு 40. எரிவாயு பக்கத்திலிருக்கும் காலுப், ஹிலாலா வயல்களிலிருந்து. ஆனால் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லை. இன்று அது பயன்படுத்தும் உரத்தை அரசே மொத்தமாக வாங்கி அண்டை நாடான ஜிபுட்டி வழியாக இறக்குகிறது. லெக்கி ஆலையைத் தாங்கிய கப்பல் வழி கோடேயில் வாசலில் இல்லை, உள்நாட்டு வயல்தான் ஆலையைத் தாங்க வேண்டும். ஆகவே அந்தத் திட்ட ஆவணங்கள் வெளிவரும்போது எரிவாயு விலைக்கு முன்னால் நான் பார்க்க விரும்புவது, எத்தியோப்பிய அரசு ஆண்டுக்கு எத்தனை டன்னை, எந்த நாணயத்தில் வாங்குவதாக எழுதிக் கொடுக்கிறது என்பதைத்தான்.